கஞ்சி குடித்த இஸ்திரிப் பெட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்தப் பளபளப்பான இஸ்திரிப் பெட்டியை ஏன் யாரும் தொடுவதில்லை என்பதுதான். இரண்டு முறை சிரித்து மழுப்பிவிட்டேன். வருகிற திங்கள்கிழமை சீர்காழிப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் தையல் ஆசிரியையாகச் சேரப் போகிறேன். போவதற்கு முன் பதில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் கண்ணம்மா அக்கா சொல்லுவாள். அவள் சொன்னால் கதை நீளும், என் மானமும் போகும்.

எனக்கு ஓய்வு பெறும் வயது இல்லை. முப்பத்திரண்டுதான். ஆனால் பத்து வருஷம் இருந்த இடத்தை விட்டுப் போகிறவளுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கு உள்ள ஒரு சலுகை உண்டு. அறிவுரை சொல்லலாம், கேட்கிறவர்கள் எழுந்து போக முடியாது. தையல் எப்படிப் போடுவது, பஞ்சை எப்படிப் பரப்புவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை ஒரு மாதத்தில் உங்கள் கைக்கே வந்துவிடும். ஓர் இஸ்திரிப் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். எனக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு.

முதலில் இந்தக் கொட்டகையைப் பற்றி. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் முன்பு பெரிய வீட்டுக்காரர்களின் நெல் களம். என் அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில், அரை மரக்கால் கூடுதல் கூலி நெல் கேட்டு இதே களத்தில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்களாம். பிறகு ஆட்சி மாறியது, சட்டங்கள் வந்தன, எங்கள் தெருவுக்கு மனைப் பட்டா கிடைத்தது, களம் பஞ்சாயத்துக்கு வந்தது. அப்பா எங்கள் தெருவில் கட்சிக் கொடியை நட்டார், எனக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்தார், பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் தையல் பட்டயம். இதை நான் அடிக்கடி சொல்லுவேன் என்று உங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லுவேன்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பஞ்சாயத்து அந்தக் களத்தில் கொட்டகை போட்டு எங்கள் தையல் குழுவுக்குக் கொடுத்தது, ஆனால் வழக்கும் கூடவே வந்தது. 'பொதுக் காரியத்துக்கு என்று எடுத்தார்கள், இப்போது அங்கே ஒரு காரியமும் நடக்கவில்லை, திருப்பிக் கொடுங்கள்' என்று பெரிய வீட்டில் மனுப் போட்டிருந்தார்கள். எட்டு வருஷத்துக்கு முன், தாலுகா அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: அந்த மாதக் கடைசி வாய்தாவுக்குள், கொட்டகையில் தொழில் நடக்கிறது என்று காட்டக் காகிதம் ஏதாவது கொண்டு வர வேண்டும். ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்று காட்டும் ஆர்டர் கடிதம் போதும். இல்லாவிட்டால் கொட்டகையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எங்கள் ஒட்டுப் போர்வையைப் பற்றிக் கேள்விப்பட்டார். துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, நடுவே பஞ்சு வைத்து நாம் தைக்கிறோமே, அதே போர்வைதான். 'மாதிரிக்கு ஒன்று தைத்து வையுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன். பிடித்தால் அறுபது' என்று எழுதியிருந்தார். அறுபது போர்வை என்றால் எங்கள் எட்டுப் பேருக்கும் ஒரு வருஷ வேலை. அந்தக் கடிதம் கிடைத்தால் கொட்டகை நிற்கும்.

ஒட்டுப் போர்வையில் தையலைவிட இஸ்திரிதான் முக்கியம் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தையலையும் உடனே அழுத்திப் படிய வைக்காவிட்டால், முப்பதாவது சதுரம் வரும்போது நான்கு மூலையும் நான்கு திசையைப் பார்க்கும். எங்களிடம் அப்போது இருந்தது கரிப் பெட்டி. கனம் நன்றாக இருக்கும், சூடும் நிற்கும், ஆனால் மூடி இடுக்கு வழியாகப் பொறி பறந்து வெள்ளைத் துணியில் மிளகு அளவு ஓட்டை போடும். 'நீராவிப் பெட்டி வாங்குவோம்' என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்து, 'படிச்ச புள்ள சொல்லுது' என்றார்கள். அந்த வாக்கியம் என் காதில் எவ்வளவு இனிமையாக விழும் என்று உங்களுக்குச் சொல்லி முடியாது.

சனிக்கிழமை நானும் கண்ணம்மா அக்காவும் தஞ்சாவூருக்குப் போனோம். குளிர்சாதனம் போட்ட பெரிய கடை. கண்ணம்மா அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் துணியைக் கையால் தடவியே எத்தனை முறை துவைத்தது என்று சொல்லிவிடுவாள். வாய் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

விற்பனையாளர் பெட்டிகளை வரிசையாக அடுக்கினார். நான் அட்டைகளில் இருந்த ஆங்கிலத்தை ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தேன். எத்தனை வாட், எத்தனை துளை, பொத்தானை அமுக்கினால் எத்தனை வேகத்தில் ஆவி. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாவற்றிலும் அதிகத் துளை, எல்லாவற்றிலும் அதிகப் பளபளப்பு எதுவோ அதை எடுத்தேன். விற்பனையாளர் ஒரு பட்டுத் துணி மேல் அதை ஓட்டிக் காட்டினார். ஆவி புஸ்ஸென்று வந்தது. துணி வெண்ணெய் மாதிரி படிந்தது.

அதுவரை பேசாமல் நின்ற கண்ணம்மா அக்கா கேட்டாள். "தம்பி, கரண்டு கம்மியா வந்தா இது என்னாவும்?"

அவர் சிரித்தார். "கரண்டு எதுக்குக்கா கம்மியா வரப் போவுது?"

நானும் சிரித்தேன். 'இவங்களுக்கு என்ன தெரியும்' என்கிற மாதிரி, அவரைப் பார்த்துச் சிரித்தேன். இந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அது.

எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் பதினோரு மணிக்கு த்ரீ பேஸ் விட்டால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் நிற்காது. எங்கள் பல்பு பரங்கிப் பூ மாதிரி மங்கித் தொங்குவதும் நிற்காது. அது குறுவை நடவு நேரம். மோட்டார்கள் ஒரு நிமிஷம் ஓயவில்லை.

திங்கள்கிழமை மதியம் ஒரு நீலச் சதுரத்தின் மேல் புதுப் பெட்டியை வைத்தேன். ஆவிக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தது. துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக. அடித்தட்டில் சூடு போதாவிட்டால் உள்ளே போகிற தண்ணீர் ஆவியாகாது, அப்படியே கீழே இறங்கிவிடும். இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நீலத் துணியில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வட்டக் கறை. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு அப்படி.

சுற்றிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சதுரத்தை மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு துணி வெட்டினேன். வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. எல்லோர் முன்னாலும் ஆங்கிலம் படித்து எடுத்த பெட்டி. என்ன சொல்லுவது? காலையிலும் மாலையிலும் மட்டும் பயன்படுத்திச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். மற்றவர்களிடம் காரணம் சொல்லவில்லை. அது இரண்டாவது தப்பு. முதலாவதைவிடப் பெரியது.

காரணம் சொல்லாததால் புதன்கிழமை மதியம் கண்ணம்மா அக்கா பெட்டியைக் கையில் எடுத்தாள்.

வெள்ளைச் சதுரங்கள் துவண்டு கிடந்தன. விறைப்பாக இருந்தால்தான் மூலை சரியாக வரும். நம் வீடுகளில் வேட்டி சட்டைக்கு என்ன செய்வோம்? வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தெளித்துத் தேய்ப்போம். அக்கா யோசித்தாள். பெட்டிதான் தானாகவே தண்ணீர் தெளிக்கிறதே, தண்ணீருக்குப் பதில் கஞ்சியையே ஊற்றிவிட்டால் தெளிக்கிற வேலை மிச்சம். மதியச் சோற்றுத் தூக்கில் இருந்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, பெட்டியின் வாயில் பதமாக ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கச் சோறு கொதிக்கிற மணம்.

"யாரு வீட்டுலடி ஒலை பொங்குது?" என்றாள் ஒருத்தி.

"நம்ம இஸ்திரிப் பெட்டிதாண்டி வடிக்குது. எலையப் போடு" என்றாள் கண்ணம்மா அக்கா பெருமையாக.

எல்லோரும் சிரித்தோம். நான் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் பெட்டி 'ப்ளக்' என்று ஒரு சத்தம் போட்டது. அதன் எல்லாத் துளைகளிலிருந்தும், அந்த அதிகப்படியான துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும், பழுப்பு நிறத்தில் கஞ்சி துப்பியது. போர்வையின் நடுவில் வைப்பதற்காக இணைத்திருந்த ஒன்பது வெள்ளைச் சதுரங்களும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டன.

சென்னை அம்மா வருவதற்கு நான்கே நாள் இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். எல்லோரும் கண்ணம்மா அக்காவின் மேல் பாய்ந்தார்கள். 'பட்டிக்காட்டு வேலை', 'கொட்டகையே போச்சு', 'படிச்ச புள்ள பாத்துப் பாத்து வாங்குன சாமானக் கெடுத்துட்டியே'. கடைசியாகச் சொன்னது என்னைப் பற்றி. என் பைக்குள் அந்த நீலச் சதுரம் கறையோடு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குப் பசின்னா பெட்டிக்கும் பசிக்கும்னு நெனச்சிட்டேன். விடுங்கடி" என்று சிரிக்கப் பார்த்தாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைத்தாள். "பெரிய வீட்டுல நடவுக்கு ஆள் கேட்டாங்க. நான் அங்க போறேன். அங்க கஞ்சியத் தூக்கில ஊத்துவாங்க, நானும் குடிப்பேன். யாரும் திட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே ஒரு சந்தில் மின்சாமான் பழுது பார்க்கும் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் கேட்கவில்லை. பின்னால் எத்தனையோ முறை போயும் கேட்கவில்லை. அவரும் என்னை இன்றுவரை 'கஞ்சி மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார்.

பெட்டியைத் திறக்கவே அவருக்கு அரை மணி நேரம் ஆனது. வெளியே ஒரு திருகாணிகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் ஒட்டியும் செருகியும் இருந்தது. நெம்பித் திறந்ததும் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"ஏங்க, பொன்னியா, குண்டு அரிசியா?"

"குண்டு அரிசிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடிப்பிடித்த கஞ்சியைச் சுரண்டி எடுத்தார். கழுவினார், மூடினார், நல்ல தண்ணீர் ஊற்றினார். மேஜையில் ஒரு கனமான கருவி வைத்திருந்தார். குமிழைத் திருகினால் கரண்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். முழுக் கரண்டில் ஆவி அழகாக வந்தது. குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சொட்டு. இன்னொரு சொட்டு. மேஜை விரிப்பில் வட்டக் கறை.

"ஒங்க ஊருல மதியத்துக்கு இவ்வளவுதான வரும்?"

"ஆமாங்க."

"அப்ப கஞ்சி மேல பழி போடாதீங்க. கஞ்சி ஒரு நாள் குத்தம். கழுவுனாப் போச்சு. இது பொறந்த குத்தம். கஞ்சி ஊத்தலன்னாலும் ஒங்க துணி நாறிப் போயிருக்கும்."

எனக்குத் தெரியும் என்று அவரிடமும் சொல்லவில்லை. அவருடைய கடைச் சுவரில் இரண்டு வரிசை இஸ்திரிப் பெட்டிகள் இருந்தன. ஒரு வரிசையைக் காட்டி, "இதெல்லாம் வந்து படுத்தது, எந்திரிக்காது" என்றார். இன்னொன்றைக் காட்டி, "இது மாசா மாசம் வரும், மறுநாளே கெளம்பிடும்" என்றார். படுத்துக் கிடந்தவற்றில் பாதி, நான் தஞ்சாவூரில் ஆசைப்பட்ட மாதிரிப் பளபளப்பு.

"ரிப்பேருக்கே வராத பெட்டி எதுங்க?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணு கெடையாதுங்க. எது வந்தாத் திரும்பிப் போவும்னு கேளுங்க."

அன்று அவர் சொன்னதுதான் இன்றைக்கும் இந்தக் கொட்டகையின் சட்டம். அடித்தட்டு கனமாக இருக்க வேண்டும். சூட்டைப் பிடித்து வைக்க அதுதான் உதவும். துளை குறைவாக இருந்தால் நல்லது, துளை இல்லாத இடம்தான் துணியை அழுத்துகிறது. சூடு இறங்கினால் தண்ணீரைத் தானாகவே நிறுத்தும் மூடி உள்ளே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வாய் அகலமாக இருக்க வேண்டும், கழுவ வேண்டும் அல்லவா. திருகாணி கண்ணுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவும் உள்ள பெட்டியைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது. எருமை மாதிரி இருக்கும்.

அப்படி ஓர் எருமையை அடுத்த தெருக் கடையில் என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். ஒழுகினால் திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். நேராகப் பழுதுக் கடைக்கே கொண்டு வந்து, குமிழை இறக்கிப் பார்த்தோம். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். ஆவி நின்றது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த எருமையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பெட்டிப் பிரச்சினை தீர்ந்தது. 'கண்ணம்மா அக்கா கெடுத்ததை நான் சரி செய்துவிட்டேன்' என்று கொட்டகையில் போய் நின்றால் எனக்கு மாலைதான் போடுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் வெள்ளைச் சதுரங்களை மறுபடி அச்சாகச் சேர்க்க அவளைவிட நல்ல கை எங்களிடம் இல்லை. அவள் இல்லாமல் திங்கள்கிழமைக்குள் போர்வை முடியாது. இதை ஒரு நல்ல குணத்தின் கதையாகச் சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை என்னவென்றால், எனக்கு அவள் வேண்டியிருந்தது. அந்தத் தேவைதான் என்னை வெள்ளிக்கிழமை காலையில் வயலுக்குத் தள்ளியது.

பெரிய வீட்டு வயலில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட வெளிர் மஞ்சள் புடவையில் வரப்பில் நின்றேன்.

"கண்ணம்மாக்கா, ஒரு நிமிஷம் வா. பேசணும்."

"யாரு, டீச்சரம்மாவா?" அவள் நிமிரவில்லை. "மோட்டார் சத்தத்துல காது கேக்கல. எறங்கி வந்து சொல்லு."

"பொடவ வீணாயிடும்டி, அது படிச்ச பொடவ" என்றாள் இன்னொருத்தி. வரிசை முழுக்கச் சிரிப்பு.

இறங்கினேன். முதல் அடியிலேயே முழங்கால் வரை சேறு. அவள் பக்கத்தில் போய், மெதுவாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையை ஆட்டி, "சத்தமா" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். "கஞ்சிக்கு முந்தியே அது ஒழுகுச்சுக்கா. திங்கக்கெழமையே பாத்தேன். யாருக்கும் சொல்லல. துணிய மறச்சு வச்சுட்டேன். நீ கடையில கேட்டியே, கரண்டு கம்மியா வந்தா என்னாவும்னு, அதுதான் ஆச்சு."

பையிலிருந்து அந்த நீலச் சதுரத்தை எடுத்துக் காட்டினேன். அவள் சேற்றுக் கையால் அதை வாங்கி, கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வரிசை முழுவதும் நடவை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"இத ஏன் புதங்கெழம சொல்லல?"

"பெருமைக்கா."

"ம். இவ்வளவு பெருமைய வச்சுக்கிட்டு எப்புடி பஸ்ஸுல ஒரு சீட்டுல ஒக்காந்து போயிட்டு வந்த?" என்றாள். பிறகு ஒரு நாற்று முடியை என் கையில் திணித்தாள். "வந்தது வந்துட்ட. இத நட்டு முடி. நான் எம் பங்க முடிச்சிட்டு வரேன். பாதில வுட்டுட்டு வந்தா நாளைக்கு நம்மள யாரு கூப்புடுவா?"

படிப்பு படிப்பு என்று அம்மா என்னை வயலில் இறங்க விட்டதே இல்லை. நான் நட்டது மிதந்தது. "தேய்க்காதடி. வெரலால வச்சு அமுக்கு, கைய நேரா எடு. இழுத்தா நாத்தும் கூட வரும்" என்றாள் அக்கா. வைத்து, அமுக்கி, எடுத்தேன். நின்றது. பட்டயப் படிப்பில் ஒரு வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தும் கைக்கு வராத ஒன்று அந்தச் சேற்றில் வந்தது. ஒட்டுப் போர்வைக்கு இஸ்திரி போடுவதும் அதேதான். பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துணி கோணும். வைத்து, அமுக்கி, நேராகத் தூக்க வேண்டும். உங்களுக்கு முதல் வாரம் 'தேய்க்காதே, நடு' என்று கத்தினேனே, அது அங்கிருந்து வந்தது.

சனியும் ஞாயிறும் எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். கொட்டகையில் எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை சொன்னேன். முதல்முறை வயலில் சொன்ன பிறகு இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. சேறு பட்ட புடவை மட்டும் இன்றுவரை பழைய நிறத்துக்கு வரவில்லை.

திங்கள்கிழமை சென்னை அம்மா காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தது பதினொன்றேகாலுக்கு. பல்பு பரங்கிப் பூவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போர்வையை விரித்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு, பின்பக்கத் தையலை விரலால் நீவினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாருக்கு. ஆனா ஒரு சதுரம் எனக்கு முன்னால சேர்த்து, இஸ்திரி போட்டுக் காட்டுங்க. எல்லா இடத்துலயும் மாதிரி நல்லாத்தான் இருக்கு. அப்புறம் வர்ற அறுபதுலயும் தண்ணிக் கறை."

எருமைப் பெட்டியில் அப்போதுதான் 'டிக்' சத்தம் கேட்டிருந்தது. சொட்டு விழாது, சரி. ஆனால் ஆவியும் வராது. ஒருத்தி என் காதருகே வந்து, "பெரிய வீட்டுல போயி அரை மணி நேரம் மோட்டார நிறுத்தச் சொல்லலாமா?" என்றாள். வழக்குப் போட்டிருக்கிற வீட்டில் போய்க் கேட்பதா என்று நான் நினைத்தேன். கண்ணம்மா அக்கா வேறு காரணம் சொன்னாள். "வெள்ளிக்கெழம நட்ட நாத்துடி. இன்னும் வேர் புடிக்கல. அதுக்குத் தண்ணி நிறுத்தச் சொல்லுவியா?"

பிறகு அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "இப்ப மோட்டார் ஓடுற நேரம்ங்க. கரண்டு பத்தாது, ஆவி வராது. ஒழுகவும் செய்யாது, நிறுத்திக்கும். இந்த நேரத்துல நாங்க ஈரத் துணி வச்சுத்தான் அழுத்துவோம். பாக்குறீங்களா?"

'அழுத்துவோம்' என்று சொன்னேனே தவிர, அதுவரை அப்படி நாங்கள் அழுத்தியதே இல்லை. கண்ணம்மா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குடத்துத் தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, என் சதுரத்தின் மேல் விரித்தாள். நான் பெட்டியை வைத்தேன். அந்தக் கனத்த அடித்தட்டில் மிச்சமிருந்த சூடு போதுமா என்று எனக்குத் தெரியாது. வயலில் நாற்று முடியை எண்ணுகிற மாதிரி அக்கா எண்ணினாள்.

"ஒரு முடி. ரெண்டு முடி. மூணு முடி."

நான்காவது முடியில் ஈரத் துணியிலிருந்து மெல்லிசாக ஆவி எழும்பியது. பத்தில் பெட்டியை நேராகத் தூக்கினேன். அக்கா துணியை விலக்கினாள். நான்கு மூலையும் ஒரு புள்ளியில் வந்து நின்றன. கறை இல்லை.

அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஷோக்கா எத்தனையோ பெட்டி இருக்கே. இத யார் பாத்து வாங்குனது?"

மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'படிச்ச புள்ள' என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"கேள்வி இவங்க கேட்டதுங்க" என்று கண்ணம்மா அக்காவைக் காட்டினேன். "நான் பதில் தேட ஒரு வாரம் ஆச்சு."

"பஸ்ஸேறிப் போயி வாங்குனது இந்தப் புள்ளதான். நான் கஞ்சி ஊத்துனதோட சரி" என்றாள் அக்கா. கஞ்சிக் கதையை அந்த அம்மா முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்பும்போது கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அறுபது போர்வை.

வாய்தாவுக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டு போனோம். கொட்டகைச் சாவி இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் நீங்கள்தான் திறக்கிறீர்கள். வழக்கு முழுசாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அது பாட்டுக்கு மேல்முறையீட்டில் இருக்கிறது. போன வருஷம் பெரிய வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு ஒரு போர்வை கேட்டார்கள். தைத்துக் கொடுத்தோம். மூலைகள் எல்லாம் சரியாக இருந்தன. அதில் கவனமாகவே இருந்தோம்.

பளபளப்புப் பெட்டியை விற்றுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அது அலமாரியில் இருக்கட்டும். உங்களில் யாராவது ஒரு நாள் ஒரு சதுரத்தைப் பைக்குள் மறைக்க நினைத்தால், அப்போது தலையை நிமிர்த்தி அதை ஒரு முறை பாருங்கள். இங்கே தப்புச் செய்தவர்களை யாரும் துரத்தியதில்லை. ஆனால் வயலில் இறங்கிச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். நல்ல புடவை கட்டிக்கொண்டு வராதீர்கள்.

போன வாரம் சீர்காழிப் பள்ளிக்காகப் பத்து இஸ்திரிப் பெட்டி வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தஞ்சாவூரில் அதே கடை. கண்ணம்மா அக்காவையும் கூட்டிப் போனேன். அட்டையில் இருந்ததை நான் படித்தேன். பழைய பழக்கம், உரக்கத்தான் படித்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு புது விற்பனையாளரிடம் கேட்டாள்.

"தம்பி, கரண்டு கம்மியா வந்தா இது என்னாவும்?"

அவர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றேன்.